எருமையும் நீர்நிலையும்

(குளத்தூரில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எருமை. அழைப்பிதழில் இத்தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், "கல்வியைப் பற்றிப் பேசலாம், கைத்தொழிலைப் பற்றிப் பேசலாம், எருமையைப் பற்றி ஒரு பிரசங்கமா?" என்று நகைத்தார். அவர் நகைத்ததில் வியப்பொன்றும் இல்லை. மந்தமானவனைக் கண்டால் எருமை என்கிறோம். சொன்ன புத்தி ஏறாதவனைக் கண்டால், எருமைமேல் மழை பெய்தாற்போல என்கிறோம். யமனுக்கு வாகனமாக அதனைக் கொடுத்து, அது எதிரே வருவதையும் அபசகுனமாக்கினோம். நமது மாவட்டத்திலே காளைக்கு வாடிவாசல் உண்டு, மாலை உண்டு, பரிசு உண்டு. எருமைக்கு மாட்டுப் பொங்கலன்று கொம்பில் பூசும் வண்ணங்கூடச் சில வீடுகளில் மிச்சம் மீதிதான். ஆயினும் காலையிலே நாம் பருகிய காப்பியின் கெட்டிப் பாலுக்கும், இலையிலே விழுந்த தயிருக்கும், உருக்கிய நெய்க்கும் நெடுங்காலமாக நாம் கடன்பட்டிருப்பது அந்தக் கரிய பிராணிக்கேயாகும்.

கூட்டத்திற்கு வருமுன், இன்று காலை இவ்வூர்க் குளக்கரையிலே சற்று நேரம் நின்றேன். ஊருக்குப் பெயரே குளத்தூர். குளம் இருந்தமையால் அன்றோ ஊர் அப்பெயர் பெற்றது? கொக்குகள் நின்றன, நாரை ஒன்று நின்றது. எருமைகளைத் தேடினேன், இரண்டே இரண்டு கண்ணிற்பட்டன. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில் உச்சிவேளைக்குச் சென்றால் நீர்மேல் கருங்கற்கள் பரப்பினாற்போல எருமைத் தலைகள் தோன்றும். அவற்றின் முதுகிலேறி நீந்தக் கற்றவர் நம்மிற் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அத்தலைகள் எங்கே சென்றன என்னும் வினாவே இப்பொருளை எடுக்க என்னைத் தூண்டியது. எருமை நீருக்குரிய பிராணி என்பதை நாம் மறந்தோம், அதனால் அதனை இழந்துவருகிறோம் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இதனைக் காட்டிலே வாழும் எருமையிலிருந்து தொடங்கிச் சொல்லுகிறேன்.

எது காட்டெருமை?

முதலிற் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானல் முதலிய மலைகளிலே காணப்பெறும் பெரிய கரிய விலங்கைக் காட்டெருமை என்று சொல்லிவருகிறோம். உண்மையில் அது எருமையன்று. காட்டுமாடு என்பதே அதற்குப் பொருந்தும் பெயர், பசுவின் இனத்தோடு நெருங்கியது அது. முதுகிலே திமில்போன்ற மேடும், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற நிறமும் அதனை அடையாளங் காட்டும். நம் வீட்டெருமைக்கு அது மூதாதை அன்று. ஆப்பிரிக்காவிலே சிங்கத்தை எதிர்த்து நிற்பதாகப் படங்களிற் காட்டப்படும் எருமையும் வேறு இனம். அதனை எவரும் வீட்டு விலங்காக்கியதில்லை.

நம் தொழுவத்து எருமையின் மூதாதை காட்டு நீரெருமை எனப்படுவது. அது இன்று உலகெங்கும் சேர்த்து 4,000-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவற்றிற் பெரும்பகுதி அஸ்ஸாமில், அதிலும் பிரம்மபுத்திரா நதிக்கரையிலுள்ள காசிரங்காவில் வாழ்கின்றது. நேபாளத்தில் கோசி நதிப் படுகையிலும், பூட்டான், தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளிலும் சிறுசிறு கூட்டங்கள் உள்ளன. நடு இந்தியாவில் சத்தீசுகட்டிலே மிகச் சிலவே மிஞ்சின. அந்த மாநிலத்தின் விலங்காக அதனையே அறிவித்திருக்கின்றனர். அங்கு இனம் அற்றுப்போகாமலிருக்கும்பொருட்டு, அஸ்ஸாமின் மானஸ் காட்டிலிருந்து 2020-ஆம் ஆண்டில் ஒரு கடாவையும் ஒரு நாகையும் பார்நவாபாரா சரணாலயத்திற்குக் கொண்டுசென்றனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நீரெருமையைப் புலிக்கும் யானைக்கும் ஒப்ப முதலாம் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது.

காசிரங்காவில் அதன் வாழ்க்கை

காசிரங்கா 1905-ஆம் ஆண்டுமுதல் பாதுகாப்புக்கு உட்பட்டு, 1974-இல் தேசியப் பூங்காவாகி, 1985-இல் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பெற்றது. ஒற்றைக் கொம்பு காண்டாமிருகத்தால் அது பெயர்பெற்றது. ஆயினும் எருமைக்கும் அதுவே தாயகம். யானையை மறைக்கும் உயரமுள்ள கோரைப் புல், நடுநடுவே நதி விட்டுச்சென்ற ஏரிகள், ஆண்டுதோறும் கரைபுரண்டு வரும் வெள்ளம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே அந்நிலம். வெள்ளம் வடியும்போது வண்டல் படியும், வண்டலிலே இளம்புல் துளிர்க்கும், அப்புல்லை எருமை மேயும். நம் காவிரிக் கரையார் அறியாத செய்தியன்று இது.

காட்டெருமைக் கடா ஆயிரம் கிலோவையும் தாண்டி எடை நிற்கும். கொம்புகள் இரண்டும் பிறைபோல் வளைந்து பக்கங்களில் நீண்டு, நுனிக்கு நுனி ஒரு மனிதனின் உயரத்தையும் விஞ்சும். உலகில் வாழும் காட்டு மாட்டினங்களுள் இத்துணை அகன்ற கொம்புடையது பிறிதில்லை. காலையிலும் மாலையிலும் இரவிலும் மேய்ந்து, வெயில் ஏறியபின் நீரிலோ சேற்றிலோ இறங்கி மூக்கும் கண்ணும் மட்டும் வெளித்தோன்றக் கிடக்கும்.

கூட்டத்தின் அமைப்பு நாம் கருதத் தக்கது. பெண்ணெருமைகளும் கன்றுகளும் ஒரு குடும்பமாக வாழும். வயது முதிர்ந்த பெண்ணெருமை ஒன்று முன்னே செல்ல, மற்றவை பின்தொடரும். தாய், மகள், பேத்தி என்று ஒரே கூட்டத்தில் தலைமுறைகள் சேர்ந்திருக்கும். கடாக்கன்று சுமார் 3 வயதானதும் கூட்டத்தை விட்டு நீங்கி, தன்னையொத்த இளங்கடாக்களோடு சேரும். முதிர்ந்த கடா தனித்துத் திரியும். புலி வந்ததென்று அறிந்தால் அவை சிதறி ஓடுவதில்லை. பெரியவை கொம்பை நீட்டி வரிசையாக நிற்கும், கன்றுகள் பின்னே ஒதுங்கும். அவ்வரிசையைக் கண்டு புலி விலகிச் செல்வதும் உண்டு. இதனையா நாம் மந்தப் பிராணி என்று ஏசுகிறோம்? நம் வீட்டெருமையும் அந்நிய நாயைக் கண்டவுடன் கன்றை உள்ளே விட்டுச் சுற்றி நிற்பதை மந்தை மேய்த்தவர்கள் அறிவார்கள்.

காசிரங்காவைச் சூழ்ந்த சிற்றூர்களிலே வீட்டெருமை மந்தைகளும் உண்டு. காட்டுக்கடா வெளியே வந்து அம்மந்தைகளிற் கலக்கும். அதனாற் பிறக்கும் கன்று வலிமையுள்ளதாக இருப்பதால் மந்தைக்காரர் அதனை விரும்புவர். ஆனால் வீட்டெருமையின் இரத்தம் காட்டெருமையிற் கலந்துகொண்டே போனால், தூய காட்டினம் என்று சொல்ல ஒன்றும் எஞ்சாதோ என்பது அறிஞரின் கவலை. மந்தைகளிலிருந்து பரவும் நோய்களும் அவற்றிற்கு ஆபத்து. முற்காலத்திலே நம் ஊர்த் தொழுவங்களைக் காலியாக்கிய வெக்கை நோய் காட்டு விலங்குகளையும் அழித்தது. அந்நோய் உலகினின்றே ஒழிந்துவிட்டதாக 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மனிதர் நோய்களில் பெரியம்மை ஒழிந்தாற்போல, விலங்கு நோய்களில் வேரோடு ஒழிந்தது அஃதொன்றே. கோமாரி போன்றவை இன்னும் உள்ளன.

எருமையின் தேகமும் ஜலமும்

எருமை ஏன் நீரை நாடுகின்றது? இதனைச் சோம்பல் என்று எண்ணுவது பிழை. அதன் தேக அமைப்பே காரணம்.

நமக்கு உஷ்ணம் மிகுந்தால் வியர்க்கின்றது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கின்றது. பசுவுக்கும் ஓரளவு அவ்வாறே. எருமைக்கோ வியர்வைச் சுரப்பிகள் பசுவை நோக்க மிகக் குறைவு. தோல் கறுத்தது, ஆதலின் வெயிலின் சூட்டை மிகுதியாக வாங்குகின்றது. உரோமம் அரிதாக இருப்பதால் தடுப்பும் இல்லை. அதனால் உள்ளே ஏறிய சூட்டை வெளியேற்ற அதற்கு நீரே வழி. நீரில் அமிழ்ந்தால் சூடு விரைந்து இறங்குகின்றது. சேற்றிற் புரண்டால் மேலே படியும் மண் காய்ந்து ஒரு போர்வையாகி, வெயிலையும் ஈயையும் உண்ணியையும் தடுக்கின்றது. நமக்கு நிழலும் விசிறியும் எப்படியோ, எருமைக்குக் குட்டை அப்படி.

அதன் குளம்பும் அகன்று விரிவது, கால் மூட்டுக்கள் நன்கு வளைந்து கொடுப்பன. ஆதலின் மற்ற மாடுகள் புதையுஞ் சேற்றிலும் அது நடந்து செல்லும். நெல் விளையும் நாடுகளிலெல்லாம் சேற்றுழவுக்கு எருமைக்கடாவைப் பூட்டிய காரணம் இதுவே. உண்ணும் தீனியிலும் அது பெருந்தன்மை உள்ளது. பசு முகர்ந்து ஒதுக்கும் முரட்டுப் புல்லையும், நீர்ச்செடிகளையும், காய்ந்த வைக்கோலையும் அது உண்டு பாலாக்கும். பசுவின் பாலில் 100-க்கு 4 பங்கு அளவே கொழுப்பிருக்க, எருமைப்பாலில் 7 பங்கு அளவுக்கு இருக்கும். பசும்பாலிலும் நெய்யிலும் தோன்றும் மஞ்சள் நிறம் எருமைப்பாலில் இல்லாமையைக் கண்டு, அதில் சத்துக் குறைவென்று கருதுவோர் உண்டு. தீனியிலுள்ள மஞ்சட் பொருளை எருமை தன் உடலிலேயே ஏ உயிர்ச்சத்தாக மாற்றிப் பாலிற் சேர்த்துவிடுவதால்தான் நிறம் வெளுப்பாயிற்று. நிறமே மாறியது, சத்து மாறவில்லை.

வீட்டிற்கு வந்த வரலாறு

எருமை வீட்டு விலங்கானது ஒரே இடத்தில் அன்று. இந்திய உபகண்டத்தின் மேற்பகுதியிலே சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்றெருமை பழக்கப்பட்டது. அதற்குப் பிந்திய காலத்தில், சீனத்தையும் இந்தோசீனத்தையும் அடுத்த நாடுகளிற் சதுப்பெருமை தனியாகப் பழக்கப்பட்டது. இவ்விரண்டும் தோற்றத்தில் மட்டுமன்றி, உயிரணுவினுள்ளிருக்கும் குரோமோசோம் எண்ணிக்கையிலும் வேறுபடும். ஆற்றெருமைக்கு 50, சதுப்பெருமைக்கு 48. நம் நாட்டுக் கறவையெருமைகள் ஆற்றெருமை வகுப்பைச் சேர்ந்தவை. சிந்துவெளி முத்திரைகளில் நீண்டு வளைந்த கொம்புடைய எருமை தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது. அங்கிருந்து மேற்கே மெசொப்பொத்தேமியாவுக்கும் சென்றதென்பதை, அக்காத் அரசர் காலத்து முத்திரை ஒன்றில் வீரன் எருமைக்கு நீரூட்டும் காட்சி காட்டுகின்றது. 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சிற்பியும் எருமையை நீரோடு சேர்த்தே கண்டான் என்பதைக் கவனியுங்கள்.

நம் முன்னோரும் அவ்வாறே கண்டனர். மருத நிலத்திற்குரிய விலங்குகளாக இலக்கணமுடையார் சொன்னவை எருமையும் நீர்நாயும். தொல்காப்பியத்தின் மரபியல், இளம்பெண் விலங்கைக் குறிக்கும் நாகு என்னும் பெயரை எருமைக்கும் மரைக்கும் பசுவினத்துக்கும் ஒப்ப வழங்குகின்றது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியிலே ஓரம்போகியார் எருமைக்கென்றே பத்துப் பாடல்களை ஒதுக்கி, அதற்கு எருமைப்பத்து என்றே பெயர் வழங்குகின்றது. ஆயர்களிலும் பசுநிரை மேய்ப்போரைக் கோவினத்தாயர் என்றும், எருமை மேய்ப்போரைக் கோட்டினத்தாயர் என்றும், ஆடு மேய்ப்போரைப் புல்லினத்தாயர் என்றும் கலித்தொகைக் காலத்தார் பகுத்தனர். கோடு என்றால் கொம்பு. கொம்பினாற் பெயர்பெற்ற தொழிலைத் தாழ்வென்று அக்காலத்தார் கருதியதாகத் தெரியவில்லை. எருமை, மேதி, காரான், கயவாய், மகிடம் என்று எத்தனை பெயர்கள்! ஒரு பொருளோடு நெருங்கிப் பழகியவனே அதற்குப் பல பெயர் இடுவான்.

இலக்கியம் வேண்டா, கண்ணாற் காணவேண்டும் என்பார்க்கு நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலைக் காட்டுகிறேன். அங்கே அறிவர் கோயிலின் விதானத்திலே கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பெற்றிருக்கின்றது. பூவும் மொட்டும் இலையும் நிறைந்த அந்நீரிலே மீன்கள், அன்னங்கள், யானைகள், மலர் பறிக்கும் மனிதர், இவர்களோடு எருமைகளும் உள்ளன. சமணக் குடைவரைக் கோயில் அது, அதில் எழுதப்பட்டது புண்ணியத் தடாகம். அதிலே எருமை இறங்கினால் நீர் அசுத்தமாகும் என்று அந்த ஓவியன் விலக்கவில்லை. பாதி அழிந்தும் மறைந்தும் போன அவ்வோவியத்தைப் பார்க்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்குத் தாமரையைக் காட்டுவதோடு நில்லாமல் எருமையையும் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிற இடங்களில்

நீலகிரியிலே தோடர் என்னும் மக்கள் தம் எருமைகளைச் சுற்றியே சமயத்தையும் வாழ்வையும் அமைத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய கோயில் பாற்கோயில், பூசாரி பால் கறந்து கடைபவர். அந்த எருமைகள் அந்நியரைக் கண்டால் சீறிவரும், அரைக்காட்டு விலங்கு என்றே சொல்லலாம். மலையுச்சியின் ஈரப் புல்வெளியும் சதுப்பும் அவற்றின் மேய்ச்சல். சென்ற 2 நூற்றாண்டுகளில் அப்புல்வெளிகள் தேயிலைத் தோட்டமாகவும், தைலமரக் காடாகவும், சீகைமரக் காடாகவும் மாறின. புல்வெளி சுருங்கச் சுருங்க எருமையும் சுருங்கியது.

இலங்கையிலே நம் தமிழ்மக்கள் வாழும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் எருமை உழவுக்கும், சூடு மிதிக்கவும் பயன்பட்டது. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் இன்றும் அந்நாட்டின் விருந்து. யால முதலிய காடுகளிலே கட்டுத்தறி அறியாத எருமைக் கூட்டங்கள் குளங்களிற் கிடக்கின்றன. அவை பண்டைய காட்டினமா, வீட்டிலிருந்து விலகியவையா என்று பிரிக்க இயலாதவாறு கலந்துவிட்டன.

ஆஸ்திரேலியாவின் கதை வேறொரு பாடம். 1820-களிலிருந்து வடபகுதிக் குடியேற்றங்களுக்குக் கீழைத் தீவுகளிலிருந்து எருமைகளைக் கொண்டுசென்றனர். குடியேற்றங்கள் கைவிடப்பட்டபின் எருமைகள் காட்டிற் புகுந்து பெருகிப் பல்லாயிரமாயின. மனிதனிடம் பல்லாயிரம் ஆண்டு பழகிய பிராணி, விட்ட சில தலைமுறைக்குள் காட்டு விலங்காயிற்று. ஆனால் அது அந்நிலத்துக்கு உரியதன்று. அது மிதித்த வாய்க்கால்கள் வழியே கடலின் உப்புநீர் நன்னீர்ச் சதுப்புக்களிற் புகுந்து கெடுத்தது. 1980-களில் அவற்றைப் பெருந்தொகையாகக் குறைக்க நேர்ந்தது. தனக்குரிய இடத்திலே நன்மை செய்யும் பிராணி, உரியதல்லாத இடத்திலே கேடு செய்யும். நம் கண்மாயோ அதற்கு உரிய இடம். கண்மாய் வற்றும் பருவத்தில் எருமை புரண்ட பள்ளங்களிலே கடைசி நீர் தங்கும். மீன்குஞ்சும் தவளையும் அங்கே ஒதுங்கிப் பிழைக்கும். அப்பள்ளத்தைச் சுற்றிக் கொக்கு நிற்பதை நாம் கண்டதில்லையா?

என் பிழை

இனி நான் சொல்லப்போவது பெருமைக்குரியதன்று. ஆயினும் இதனைச் சொல்லாமல் உங்களுக்கு உபதேசஞ் செய்ய எனக்கு உரிமையில்லை.

உத்தியோகத்தினின்று விலகி ஊருக்கு வந்த நான், 2019-ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு சினையெருமையை வாங்கினேன். இரண்டாம் ஈற்று, 8 மாதச் சினை. பழைய கூரைத் தொழுவத்தைப் பிரித்துச் சிமெண்டுத் தரை போட்டு, மேலே தகரக்கூரை அமைத்து, மின்விசிறியும் மாட்டினேன். ஆண்டு வறட்சி, கண்மாயில் ஒரு மூலையிலே மாத்திரம் சேறு கலந்த நீர் கிடந்தது. எதிர்வீட்டு அப்பத்தா, ஆயுள் முழுவதும் எருமை வளர்த்தவர், வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, உச்சிக்கு அதைக் கொண்டுபோயி அந்தச் சேத்துலயாவது போட்டு வாங்கப்பா. வாயில்லா சீவன், வெந்து போயிரும்." நான் சிரித்தேன். "விசிறி ஓடுகிறது அப்பத்தா. அந்தச் சேற்றில் விட்டால் நோய் வரும்" என்றேன். விலைகொடுத்து வாங்கிய மாடு சேறு பூசிக்கொண்டு தெருவில் வருவதை நான் விரும்பவில்லை என்பதே உள்ளே இருந்த உண்மை.

சித்திரை பிறந்து நாலாம் நாள், மின்சாரம் நின்ற ஒரு பிற்பகலில், எருமை வாய்திறந்து நாக்கை நீட்டி மூச்சு வாங்கியது. வாயோரம் நுரை தள்ளியது. நான் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தேன். அப்பத்தா குரல் கேட்டு ஓடிவந்து குடங்குடமாக நீர் ஊற்றினோம். கால்நடை வைத்தியர் வருமுன் அது தலை சாய்த்துவிட்டது. வயிற்றிலிருந்த கன்றும் அதனோடு போயிற்று. அப்பத்தா என்னை ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. தம் முந்தானையை நனைத்து அதன் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார். அவர் இன்று இல்லை. அந்த மௌனம் என்னை விட்டு நீங்கவில்லை. வெயிலிற் கொல்லும் தகரக்கூரையும், நீரில்லாத சிமெண்டுத் தரையும் நான் கட்டியவை. மழை எருமைமேல் உறைப்பதில்லை என்று பழமொழி சொல்லுகிறோம். சொன்ன புத்தி உறைக்காமல் நின்றவன் நானேயன்றி அந்த எருமை அன்று.

குறைந்துவரும் கணக்கு

என் தொழுவத்தில் நேர்ந்தது ஒரு தொழுவத்தோடு நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. அதற்கு முந்திய 2012-ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது சிறிது கூடுதல். ஆனால் நம் தமிழ்நாட்டிலோ 2012-இல் 7.8 லட்சமாக இருந்தது 2019-இல் 5.2 லட்சத்திற்கும் கீழே இறங்கியது. 7 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 1990-களின் பிற்பகுதியில் இந்நாட்டில் 27 லட்சம் அளவுக்கு இருந்ததென்பதை நினைத்தால் இழப்பின் பெருமை விளங்கும்.

காரணங்கள் பல. டிராக்டர் வந்தபின் கடாவுக்கு வேலையில்லை. கலப்பினப் பசு அதிகப் பால் தருகின்றது, ஆண்டுக்கொரு கன்று ஈனுகின்றது. எருமைக்குச் சினைக்காலம் 10 மாதத்துக்கும் மேல். பருவம் வந்தாலும் பசுவைப்போலக் கத்திக் காட்டுவதில்லை. இரவிலே ஓசையின்றி வந்து நீங்கிவிடுவதால் சினையூசி போடும் காலம் தவறிப்போகின்றது. மேய்ச்சல் புறம்போக்குக் குறைந்தது. நம் மாவட்டத்தில் மேய்ச்சல் நிலங்கள் பல தைலமரக் காடாயின. ஏந்தல்களிலும் கண்மாய்களிலும் சீமைக்கருவேல் அடர்ந்து, வரத்துவாரிகள் தூர்ந்தன. மேய்க்கப் போகும் பிள்ளையும் இல்லை. பிள்ளை பள்ளிக்குச் செல்வது நல்லதே, அதனை நான் குறைகூறவில்லை. இக்காரணங்களுள் நம் கையில் இல்லாதவை சில, நம் கையில் உள்ளவை பல. கையிலுள்ளவற்றைப் பற்றிச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

விண்ணப்பங்கள்

முதலாவது, எருமை வைத்திருப்போர் கோடையில் முற்பகல் 11 மணிமுதல் பிற்பகல் 4 மணிவரை அதனை மரநிழலில் வைத்து, நாளைக்கு இரண்டு மூன்று முறையாவது உடல் முழுதும் நனைய நீர் ஊற்றவேண்டும். கண்மாயில் நீருண்டேல் இறக்கிவிடுங்கள். இல்லையேல் தொழுவத்தருகே ஒரு சிறு குட்டையேனும் வெட்டுங்கள். தகரத்தின்மேல் தென்னோலை பரப்பினாலும் சூடு பெரிதும் தணியும். செலவு அதிகமில்லை. நான் இழந்ததை நோக்க ஒன்றுமேயில்லை.

இரண்டாவது, மழைக்காலம் தொடங்குமுன் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி போடுங்கள். அந்நோய்க்குப் பசுவைவிட எருமை எளிதில் இரையாகும். வந்தபின் வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

மூன்றாவது, அந்தியிலும் விடியலிலும் எருமையைக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் வேண்டும். தாய்மார்களே! இதில் உங்கள் கண்ணுக்கு நிகர் இல்லை. தீனி குறைதல், பால் சற்றே இறங்குதல், அடிக்கடி சிறுநீர் விடுதல் ஆகிய சிறு குறிகளைக் கொண்டு பருவத்தை அறிவோர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய அறிவை இளம்பெண்கள் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். நல்ல முர்ரா இனக் கடா ஒன்றை நான்கைந்து ஊரார் சேர்ந்து பொதுவில் வளர்ப்பதும் ஆகாத காரியமன்று.

நான்காவது, குளம். சங்கத்து இளைஞர்கள் ஆண்டுதோறும் கூடி ஏதேனும் ஒரு பொதுத் தொண்டு செய்கிறீர்கள். இவ்வாண்டு ஊராட்சியாரின் இசைவு பெற்று, வரத்துவாரியில் அடர்ந்த சீமைக்கருவேலைக் களைந்து, கண்மாயின் ஒரு கோடியிலே கால்நடைக்கென்று ஆழமான பள்ளம் ஒன்று விடச் செய்யுங்கள். குடிநீர் ஊருணி வேறு, கால்நடை இறங்கும் குட்டை வேறு என்று நம் முன்னோர் பிரித்து வைத்த ஒழுங்கு மிக நல்லது. அதனை மீண்டும் நிலைநிறுத்தினால் மனிதர்க்கும் தீங்கில்லை, மாட்டுக்கும் குறையில்லை.

ஐந்தாவது விண்ணப்பம் சிறியது. பிள்ளைகளை எருமை என்று ஏசுவதை விட்டுவிடுவோம். அப்பெயரைக் கேட்டு ஒரு குழந்தை வெட்கப்படுமானால், பெரியவனானபின் அவன் அதனை வளர்ப்பானா?

பெரியோர்களே! காசிரங்காவின் காட்டெருமையும், தோடரின் மலையெருமையும், நம் கட்டுத்தறியில் நிற்கும் எருமையும் உடலமைப்பால் ஒன்றே. புல்லும் நீரும் உள்ள இடத்தில் மூன்றும் வாழும். அவை நீங்கினால் மூன்றும் நீங்கும். காசிரங்காவைக் காக்க அரசாங்கமும் சட்டமும் உள்ளன. இக்குளத்தூர்க் குளத்தையும் நம் ஊர்க் கண்மாய்களையும் காப்பது நம் பொறுப்பு. அடுத்த ஆண்டு இவ்விடத்திற் கூடும்போது, குளக்கரையில் நான் கண்ட இரண்டு நான்காயின என்று எவரேனும் வந்து சொல்வாராயின், இந்தப் பேச்சுக்கு அதுவே பயன் என்று கொள்வேன்.